'27 கோடி ஏழைகள்' என்பது எப்படித் தெரியும்? சமூக அறிவியலின் தத்துவத்துக்குள் நுழைபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2011-12ஆம் ஆண்டில் இந்தியாவில் ஏழைகள் எத்தனை பேர்? மக்கள்தொகையில் 21.9 விழுக்காடு, ஏறக்குறைய 27 கோடி என்று 2013 ஜூலையில் திட்டக் குழு அறிவித்தது. அது பொருளாதார அறிஞர் சுரேஷ் டெண்டுல்கர் தலைமையிலான குழு வகுத்த முறைப்படி போட்ட கணக்கு. அடுத்த ஆண்டே சி. ரங்கராஜன் தலைமையிலான நிபுணர் குழு 29.5 விழுக்காடு, அதாவது 36 கோடிக்கும் மேல் என்றது. நாடு ஒன்று, ஆண்டு ஒன்று, தரவு திரட்டிய நிறுவனமும் ஒன்று. ஆனால் இரண்டு விடைகளுக்கும் இடையே 9 கோடிப் பேர் நிற்கிறார்கள். இரு தரப்பிலும் யாரும் பொய் சொல்லவில்லை, கூட்டல் கழித்தலில் பிழையும் இல்லை.

சமூக அறிவியலின் தத்துவத்துக்குள் நுழைய இந்த இடைவெளியைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை. முதுகலையில் ஆராய்ச்சி முறையியல் தாள் படிப்பவர்கள், முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள், நாளிதழில் வரும் புள்ளிவிவரத்தை எந்த அளவு நம்பலாம் என்று யோசிக்கும் வாசகர்கள் எல்லோரையும் பெரும்பாலும் வேறொரு வாசலில் நிறுத்திவிடுகிறார்கள். நேர்க்காட்சிவாதம், பொருள்விளக்கவாதம், கட்டுமானவாதம், விமர்சன யதார்த்தவாதம் என்று அங்கே பெயர்கள் வரிசையாக வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரையறை, ஒரு அறிஞர், ஒரு ஆண்டு. எந்தச் சிக்கலைத் தீர்க்க அந்த வாதம் பிறந்தது என்பது மட்டும் விட்டுப்போகும். சிக்கலைத் தொடாமல் விடையை மனப்பாடம் செய்தால் அது மனதில் தங்காது.

ஆகவே கீழே சொல்லும் வழி தலைகீழானது. ஒரு கூற்றைப் பிடித்துக்கொண்டு அடி நோக்கிப் போகிறோம். வாதங்களின் பெயர்கள் வழியில் தேவைப்படும்போது தாமாக வரும். நான் வறுமைக் கணக்கை எடுத்திருக்கிறேன். உங்கள் துறைக்கு ஏற்ற வேறொன்றை நீங்கள் எடுக்கலாம்.

படி 1: ஒரே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுங்கள்

'சமூகம் மாறிவருகிறது' போன்ற வாக்கியம் உதவாது. யார், எது, எப்போது, எவ்வளவு என்பவற்றில் குறைந்தது மூன்று அதில் இருக்க வேண்டும். '2011-12இல் இந்தியர்களில் 21.9 விழுக்காட்டினர் ஏழைகள்' என்பது நல்ல தேர்வு. அதை ஒரு தாளின் தலைப்பில் எழுதிவிட்டு, அதிலுள்ள ஒவ்வொரு சொல்லின் கீழும் கோடிடுங்கள். 'ஏழைகள்' என்பதன் கீழ் மட்டும் இரண்டு கோடு.

படி 2: அந்தப் பொருள் எவ்வகையில் இருக்கிறது என்று கேளுங்கள்

இதைத் தத்துவத்தில் இருப்பியல் கேள்வி என்பார்கள். 'ஏழை' என்று ஒருவர் இருப்பது, இமயமலை இருப்பது போன்றதா, ரூபாய் நோட்டுக்கு மதிப்பு இருப்பது போன்றதா? மலை யாருடைய ஒப்புதலையும் கேட்டு நிற்பதில்லை. ரூபாயின் மதிப்போ, நாம் எல்லோரும் அதை மதிப்பதால் மட்டுமே நிலைக்கிறது. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் சேர்ல் இரண்டாம் வகையை நிறுவன உண்மைகள் என்றார்.

வறுமையில் இரண்டும் கலந்திருக்கின்றன. பசி எந்தக் குழுவின் ஒப்புதலுக்கும் காத்திருப்பதில்லை. வறுமைக் கோடு ஒரு குழு கூடி வகுத்தது. அதன் வரலாற்றைச் சற்றுப் பார்த்தால் எத்தனை முடிவுகள் அதற்குள் புதைந்திருக்கின்றன என்பது புரியும்.

தாதாபாய் நௌரோஜி 1870களில் கணக்கிட்டபோது, உயிர் தரிக்க என்ன செலவாகும் என்பதற்குச் சிறைக் கைதிகளுக்குக் கொடுக்கப்பட்ட உணவைச் சான்றாக எடுத்தார். 1867-68 விலையில் ஆளுக்கு ஆண்டுக்கு 16 முதல் 35 ரூபாய் தேவை என்று வந்தது. அதே காலத்து இந்தியனின் சராசரி ஆண்டு வருமானத்தை 20 ரூபாய் என்று மதிப்பிட்டார். ஆட்சியாளர்கள் குற்றவாளிக்குக் கொடுப்பதுகூடக் குடிமகனுக்குக் கிடைக்கவில்லை என்பது அவர் வாதம். அளவுகோலைத் தேர்ந்தெடுத்ததிலேயே ஒரு அரசியல் கூற்று இருக்கிறது. அதனால் கணக்கு கெட்டுப்போகவில்லை, கூர்மையானது.

1962இல் திட்டக் குழு அமைத்த பணிக்குழு, 1960-61 விலையில் மாதம் ஆளுக்கு 20 ரூபாய் என்று வைத்தது. மருத்துவச் செலவும் கல்விச் செலவும் அதில் சேரவில்லை. அவற்றை அரசு கொடுத்துவிடும் என்று கருதினார்கள். 1979இல் வந்த பணிக்குழு, கிராமத்தில் ஒருவருக்கு நாளுக்கு 2400 கலோரி, நகரத்தில் 2100 கலோரி என்ற நெறியை வைத்துக் கோட்டை வரைந்தது. 2009இல் சுரேஷ் டெண்டுல்கர் குழு கலோரியை மையத்திலிருந்து எடுத்துவிட்டு, மக்கள் தம் கையிலிருந்து மருத்துவத்துக்கும் கல்விக்கும் செலவிடுவதையும் கணக்கில் கொண்டது. அரசு கொடுத்துவிடும் என்ற பழைய அனுமானம் நடைமுறையில் பொய்த்துப்போனது அதற்கு ஒரு காரணம். 2004-05ஆம் ஆண்டுக்குப் பழைய முறையில் 27.5 விழுக்காடு என்று இருந்த வறுமை, புதிய முறையில் 37.2 ஆனது. ரங்கராஜன் குழு கலோரியோடு புரதத்தையும் கொழுப்பையும் சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்தது.

இந்த இடத்தில் புதிதாக வருபவர்கள் இரண்டு பக்கமும் சறுக்குவார்கள். 'கோடு மனிதர்கள் போட்டது, ஆகவே வறுமையே ஒரு கற்பனை' என்பது ஒரு சறுக்கல். 'அரசு சொன்ன எண், ஆகவே அது உண்மை' என்பது இன்னொன்று. ஒன்று மனிதரால் ஆக்கப்பட்டது என்பதற்கும் அது பொய் என்பதற்கும் இடையே பெரிய தொலைவு இருக்கிறது. பாலத்தைக்கூட மனிதர்கள்தான் கட்டுகிறார்கள். அது பாரம் தாங்குமா என்பது கட்டியவர் விருப்பத்தைப் பொறுத்ததல்ல. இந்தத் தெளிவு கிடைத்துவிட்டால், சமூகத்தில் உள்ளவை மனிதரால் ஆக்கப்பட்டவை என்னும் கட்டுமானவாதம் பற்றிய சண்டைகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் டர்கைம் 1895இல் சமூக உண்மைகளைப் பொருள்களாகக் கருதுங்கள் என்று எழுதியதை இங்கே படித்தால் அதன் வலு தெரியும். அவை நமக்கு வெளியே நின்று நம்மைக் கட்டுப்படுத்துகின்றன என்பது அவர் வாதம். ஒரு குழு வரைந்த கோடுதான். ஆனால் ஒரு குடும்பத்துக்கு ரேஷன் அரிசி கிடைக்குமா என்பதை அது தீர்மானிக்கத் தொடங்கிவிட்டால், அந்தக் குடும்பம் அதில் முட்டிக்கொண்டே ஆக வேண்டும்.

படி 3: எந்த வழியாகத் தெரிந்தது என்று கேளுங்கள்

இதுதான் அறிவாய்வியல் கேள்வி. இங்கே அவசரப்பட வேண்டாம். பெரும்பாலான பாடநூல்கள் இந்தப் படியை இரண்டு பத்தியில் கடந்துவிடுகின்றன. என் கணிப்பில் மொத்த விஷயத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது.

சைவ சித்தாந்த அளவையியல், அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று மூன்றாக வகுத்தது. நேரில் காண்பது, கண்டதிலிருந்து உய்த்துணர்வது, நம்பத்தக்கவர் சொல்லக் கேட்பது. இந்தப் பாகுபாட்டை எடுத்துக்கொண்டு வறுமை எண்ணைப் பாருங்கள். அதில் காண்டல் எவ்வளவு?

மிகக் குறைவு. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனத்தின் களப்பணியாளர் ஒரு வீட்டுக்குப் போகிறார். கையில் முந்நூறுக்கும் மேற்பட்ட பொருள்களின் பட்டியல் இருக்கிறது. அரிசி எவ்வளவு, துவரம்பருப்பு எவ்வளவு, மண்ணெண்ணெய் எவ்வளவு, பீடி எவ்வளவு என்று கேட்கிறார். வீட்டில் இருப்பவர் நினைவிலிருந்து சொல்கிறார். இது உரை. அப்படி ஏறக்குறைய ஒரு லட்சம் குடும்பங்களில் கேட்டதிலிருந்து நாடு முழுவதற்கும் முடிவுக்கு வருகிறார்கள். இது கருதல். கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை 1931இல் தொடங்கிய பி.சி. மகலனோபிஸ், மாதிரியைக் கொண்டு முழுமையை அறியும் இந்தக் கலையை 1950இல் தேசிய அளவுக்குக் கொண்டுபோனார். மாதிரி சரியாக எடுக்கப்பட்டால் கருதலில் வரும் பிழையின் அளவைக்கூடக் கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். உரையில் வரும் பிழைக்கு அப்படி எளிதான சூத்திரம் கிடையாது.

உரையில் வரும் சிக்கலைக் காட்ட இந்தியாவிலேயே அருமையான சான்று இருக்கிறது. கடந்த 30 நாளில் என்ன வாங்கினீர்கள், என்ன உண்டீர்கள் என்று கேட்பதுதான் நீண்டகால வழக்கம். இதை யாரோ வசதிக்காக வைத்துவிடவில்லை. 1950களின் தொடக்கத்தில் மேற்கு வங்கத்தில், வீட்டில் சமைத்த உணவை எடைபோட்டுப் பார்த்து, எத்தனை நாள் நினைவு உண்மைக்கு நெருக்கமாக வருகிறது என்று மகலனோபிஸின் குழு சோதித்தது. 30 நாள் பரவாயில்லை என்று வந்தது. 1990களில் மீண்டும் சோதனை வந்தது. சில குடும்பங்களிடம் 30 நாளுக்கும் வேறு சில குடும்பங்களிடம் 7 நாளுக்கும் கேட்டார்கள். 7 நாள் கேட்ட இடத்தில் உணவுச் செலவு கூடுதலாகப் பதிவானது. அந்தக் கேள்வித்தாளை ஏற்றுக்கொண்டால் ஏழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிடும்.

ஒரு குடும்பத்தின் தட்டிலும் ஒரு பருக்கை கூடவில்லை. கேள்வி மட்டும் மாறியது.

1999-2000 சுற்றில் ஒரே குடும்பத்திடம் இரண்டு கேள்விகளையும் அடுத்தடுத்த பத்திகளில் கேட்டார்கள். ஒருவரிடம் இரண்டையும் சேர்த்துக் கேட்டால், சொல்லும் இரண்டு பதில்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும் என்ற உந்துதல் சொல்பவருக்கும் வரும், எழுதுபவருக்கும் வரும். 7 நாள் விடையை நான்கால் பெருக்கிப் பார்த்து 30 நாள் விடையைச் சரிசெய்துவிடத் தோன்றும். அந்தச் சுற்றின்படி வறுமை 26.1 விழுக்காடு. 1993-94இல் அது 36. பொருளாதாரச் சீர்திருத்தத்தின் பத்தாண்டில் வறுமை வேகமாகக் குறைந்ததா என்ற மாபெரும் அரசியல் கேள்வி, 7 நாளா 30 நாளா என்பதில் வந்து சிக்கிக்கொண்டது. ஆங்கஸ் டீட்டன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் இதைப் பிரித்துச் சீர்செய்வதில் செலவிட்டார்கள். இப்போதைய கேள்வித்தாள் பொருளுக்கு ஏற்பக் காலத்தை மாற்றுகிறது. காய்கறி, மீன், முட்டை, எண்ணெய்க்கு 7 நாள். அரிசி, பருப்பு, பாலுக்கு 30 நாள். துணிமணி, செருப்பு, கல்விக்கு 365 நாள். டெண்டுல்கர் முறைக்கும் ரங்கராஜன் முறைக்கும் உள்ள வேறுபாடுகளில் இந்தக் கால அளவும் ஒன்று.

அடுத்து, 'இந்தியர்களில்' என்ற சொல். எண்ணப்படுவது ஆள்தானே என்று தோன்றும். கேட்கப்படுவதோ குடும்பம். ஒரே சமையலறையில் சமைத்து உண்டு சேர்ந்து வாழ்பவர்கள் ஒரு குடும்பம் என்பது ஆய்வின் வரையறை. மொத்தச் செலவைத் தலைக்கு வகுத்து, எல்லோருக்கும் ஒரே பங்கு என்று வைத்துக்கொள்கிறார்கள். கடைசியாக உண்பவருக்குச் சட்டியில் என்ன மிஞ்சியது என்பதை அறிய இந்தத் தரவில் வழியே கிடையாது. கோட்டுக்கு மேலே இருக்கும் வீட்டுக்குள் கோட்டுக்குக் கீழே ஒரு மருமகள் இருக்கலாம். அவள் ஏழையாக எண்ணப்பட மாட்டாள். நான்சி ஹார்ட்சாக், சாண்ட்ரா ஹார்டிங், டொரத்தி ஸ்மித் போன்ற பெண்ணியச் சிந்தனையாளர்கள் 1980களில் நிலைப்பாட்டுக் கோட்பாட்டை முன்வைத்ததன் பொருள் இங்கே பளிச்சென்று விளங்கும். எங்கிருந்து பார்க்கிறோம் என்பது எது கண்ணில் படும் என்பதைத் தீர்மானிக்கிறது. அடுப்படியிலிருந்து கேள்வித்தாளை வடிவமைத்திருந்தால் முதல் கேள்வியே வேறாக இருந்திருக்கும்.

உங்கள் தாளில் இப்போது இதைச் செய்யுங்கள். நீங்கள் எடுத்த வாக்கியத்தில் எது காண்டல், எது கருதல், எது உரை என்று பிரித்து எழுதுங்கள். உரை என்று வந்த ஒவ்வொன்றுக்கும் யார் சொன்னது, யாரிடம் சொன்னது, எதற்குப் பயந்து அல்லது எதை எதிர்பார்த்துச் சொல்லியிருக்கக்கூடும் என்று குறியுங்கள்.

படி 4: அதே தரவை வேறு யாராவது வேறு விதமாக விளக்கியிருக்கிறார்களா?

பெரும்பாலும் இருப்பார்கள். 1983க்கும் 2004-05க்கும் இடையே இந்தியக் கிராமங்களில் மக்களின் உண்மைச் செலவு, அதாவது விலைவாசி ஏற்றத்தைக் கழித்துப் பார்த்த செலவு, கூடியது. ஆனால் தலைக்குக் கிடைத்த கலோரி சுமார் 10 விழுக்காடு குறைந்தது. வசதி கூடும்போது உணவு குறைவது ஏன்? ஆங்கஸ் டீட்டனும் ஜான் டிரேஸும் 2009இல் எழுதிய ஆய்வில், உடலுழைப்பின் கடுமை குறைந்திருக்கலாம், நோய் குறைந்ததால் உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைந்திருக்கலாம் என்ற திசையைக் காட்டினார்கள். உத்ஸா பட்நாயக் போன்றவர்கள் இதை ஏற்கவில்லை. மற்றச் செலவுகள் நெருக்குவதால் மக்கள் உணவைக் குறைத்துக்கொள்கிறார்கள், பசி கூடியிருக்கிறது என்றார்கள்.

தரவு இரு தரப்பையும் அனுமதிக்கிறது. எந்த ஒரு சோதனையும் தனிக் கருதுகோளை மட்டும் சோதிப்பதில்லை, அதனோடு கட்டப்பட்ட துணை அனுமானங்களின் கூட்டத்தையே சோதிக்கிறது என்று பிரெஞ்சு இயற்பியலாளர் பியர் டூயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காட்டினார். இங்கே அந்தத் துணை அனுமானம், ஒரு உடலுக்கு எவ்வளவு கலோரி தேவை என்பது காலத்தோடு மாறுமா என்பது.

அப்படியானால் எதை வேண்டுமானாலும் சொல்லலாமா? கூடாது. 1934இல் அறிவியல் தத்துவவாதி கார்ல் பாப்பர் கேட்ட கேள்வி இங்கே கைகொடுக்கும்: எது நடந்தால் உங்கள் விளக்கம் பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்? உழைப்புக் குறைந்ததுதான் காரணம் என்றால், உழைப்புக் குறையாத வேலைகளைச் செய்யும் குடும்பங்களில் கலோரி குறைந்திருக்கக் கூடாது. செலவு நெருக்குவதுதான் காரணம் என்றால், மருத்துவத்துக்கும் போக்குவரத்துக்கும் எரிபொருளுக்கும் செலவு கூடிய குடும்பங்களில் அது அதிகம் குறைந்திருக்க வேண்டும். இப்படி இரண்டு விளக்கங்களும் பிரியும் இடத்தைத் தேடுவதுதான் வேலை. பாப்பரை ஒரு தீர்ப்பாகப் படிக்காமல் கேள்வியாகப் படித்தால் அவர் மிகவும் பயன்படுவார்.

அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூனைப் பற்றி ஒரு வார்த்தை. புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் அவருடைய கட்டளைப் படிமம் (ஒரு காலத்து அறிவியலாளர்கள் பொதுவாக ஏற்று வேலை செய்யும் சட்டகம்) என்ற கருத்தில் அடைத்துவிடுகிறார்கள். அவர் 1962இல் எழுதியது பெரும்பாலும் இயற்பியல், வேதியியல், வானியல் வரலாற்றைப் பற்றியது. முதல் ஆண்டில் அவர் இல்லாமலே சமாளிக்கலாம்.

படி 5: உள்ளே இருப்பவர் அதை என்னவென்று சொல்கிறார்?

என்.எஸ். ஜோதா என்ற பொருளாதார அறிஞர் ராஜஸ்தானின் இரண்டு கிராமங்களை 1960களிலும் மீண்டும் 1980களிலும் ஆய்வு செய்தார். இருபதாண்டில் தலைக்கான உண்மை வருமானம் 5 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்துபோன குடும்பங்களைத் தனியே எடுத்தார். எந்த வறுமைக் கணக்கிலும் அவர்கள் பின்னுக்குப் போனவர்கள். ஆனால் நல்ல வாழ்க்கைக்கு அந்த மக்களே சொன்ன 38 அளவுகோல்களை வைத்துப் பார்த்தபோது 37இல் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். காலில் தவறாமல் செருப்பு அணிவது, வீட்டின் தரம், பஞ்ச மாதங்களில் நிலவுடைமையாளரிடம் கைகட்டி நிற்காமல் இருப்பது போன்றவை அந்த அளவுகோல்கள். வருமானம் குறைந்தது, சார்ந்து வாழும் இழிவும் குறைந்தது. 1988இல் இதை அவர் வெளியிட்டபோது அதைச் சிறுபான்மைக் கருத்து என்றே தலைப்பில் குறிப்பிட்டார்.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் ஏன் சமூக அறிவியலில் செயலின் உட்பொருளைப் புரிந்துகொள்வது இன்றியமையாதது என்றார் என்பதை விளக்க இதைவிட நல்ல சான்று தேட வேண்டாம். கல் உருள்வதற்குக் கல்லிடம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. ஒருவர் பழைய முதலாளியின் வயலை விட்டுவிட்டு, குறைந்த கூலிக்கு வேறிடம் போவதை அவருடைய மானம் பற்றிய எண்ணத்தை அறியாமல் விளக்க முடியாது. பிரிட்டிஷ் தத்துவவாதி பீட்டர் விஞ்ச் 1958இல் இதை இன்னும் கடுமையாக்கினார். ஒரு சமூகத்தின் விதிகளுக்குள் நின்றாலொழிய அங்கே எந்தச் செயலும் என்ன செயல் என்றே தெரியாது என்பது அவர் நிலை.

விஞ்ச் சொன்ன தூரம்வரை நான் போக மாட்டேன். காரணம் வங்காளத்தின் சிங்கூர். பெரும்பஞ்சத்துக்கு மறு ஆண்டு, 1944இல், அங்கே ஒரு உடல்நல ஆய்வு நடந்தது. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 விழுக்காட்டினர் தமக்கு உடம்பு சரியில்லை அல்லது சுமார்தான் என்றார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 விழுக்காடு. வங்காளத்து விதவைகள் அத்தனை ஆரோக்கியமாக இருந்தார்களா? அமர்த்தியா சென் இந்தச் சான்றைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டினார். தன் உடம்பைப் பற்றிக் குறை சொல்லும் உரிமை தனக்கு இருப்பதாகவே நினைக்காத ஒருவரின் 'நன்றாகத்தான் இருக்கிறேன்' என்ற பதிலை எப்படி எடுத்துக்கொள்வது? அந்தப் பதிலைக் கேட்க வேண்டும், மதிக்க வேண்டும், அதோடு நின்றுவிடக் கூடாது. ஜோதாவையும் சிங்கூரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உள்ளிருப்பவர் சொல் எப்போது அளவுகோலைத் திருத்துகிறது, எப்போது அநீதியை மறைக்கிறது என்பதற்குப் பொதுவிதி கிடையாது. ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பேசப்படும் அனுபவத்துக்குக் கீழே, பேச்சையே வடிவமைக்கும் அமைப்புகள் உண்டு, அவை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் உண்மையானவை என்பதே ராய் பாஸ்கரின் விமர்சன யதார்த்தவாதம். இந்தியத் தந்தைக்கும் ஆங்கிலேயத் தாய்க்கும் லண்டனில் பிறந்தவர் அவர். 1979இல் சமூக அறிவியலைப் பற்றி அவர் எழுதியது கடினமான உரைநடை. சிங்கூரை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால் வழி கிடைக்கும்.

படி 6: 'இதனால் அது' என்று வந்தால், 'எங்கே?' என்று கேளுங்கள்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் உலக வங்கியின் உதவியோடு தொடங்கியது. 6 முதல் 36 மாதம் வரையான குழந்தைகளின் எடையைத் தொடர்ந்து பார்த்து, வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்குக் கூடுதல் உணவு கொடுத்து, தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்வது அதன் அடிப்படை. கடும் ஊட்டச்சத்துக் குறைவு இறங்கியது. அதே மாதிரியை 1990களில் வங்கதேசத்துக்குக் கொண்டுபோனபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை.

பின்னர் நடந்த மதிப்பீட்டில் தெரிந்த காரணங்களுள் ஒன்று இது. அங்கே கிராமங்களில் கடைக்குப் போய் உணவு வாங்குவது ஆண்கள். கூட்டுக் குடும்பத்தில் சமையலறை மாமியாரின் கையில் இருக்கும். ஆலோசனை பெற்ற தாய்க்கு அறிவு வந்தது, அதிகாரம் வரவில்லை. மேலும் திட்டம் கொடுத்த கூடுதல் உணவு சில வீடுகளில் வழக்கமான உணவுக்கு மாற்றாகிவிட்டது.

அறிவியல் தத்துவவாதி நான்சி கார்ட்ரைட் இந்தச் சான்றைக் கொண்டு ஒரு முக்கியமான வேறுபாட்டை நிறுவினார். 'அங்கே பலித்தது' என்பது ஒரு கூற்று. 'இங்கே பலிக்கும்' என்பது வேறொரு கூற்று. முதலாவதை எவ்வளவு கறாராக நிறுவினாலும் இரண்டாவதற்கு அது போதாது. இடையில் துணைக் காரணிகள் வேண்டும், தமிழ்நாட்டுத் தாய்க்குச் சமையலறையில் இருந்த பிடியைப் போல. சீரற்ற முறையில் குழு பிரித்துச் செய்யும் கள ஆய்வுகளுக்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரேமர் ஆகியோருக்கு 2019இல் நோபல் பரிசு கிடைத்த பிறகு, அந்த முறையே எல்லாவற்றையும் தீர்த்துவிடும் என்ற நம்பிக்கை மாணவர்களிடம் பரவியிருக்கிறது. அது அங்கே பலித்ததா என்ற கேள்விக்கு மிகச் சிறந்த கருவி. இங்கே பலிக்குமா என்பதற்கு அந்த ஊரின் வீடுகளுக்குள் யார் எதைத் தீர்மானிக்கிறார்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். படி 5 இல்லாமல் படி 6 நிற்காது.

படி 7: இந்த அறிவு வெளியே போனபின் என்ன செய்தது?

அணுவுக்குத் தன்னைப் பற்றி எழுதப்பட்டது தெரியாது. மனிதருக்குத் தெரியும். கனடாவின் தத்துவவாதி இயான் ஹாக்கிங் இதைச் சுழல் விளைவு என்றார். மனிதர்களை வகைப்படுத்தினால், வகைப்படுத்தப்பட்டவர்கள் அதற்கு ஏற்ப மாறுகிறார்கள், பிறகு வகையே மாற வேண்டியதாகிறது.

2002இல் கிராமப்புறத்தில் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள குடும்பங்களைக் கண்டறிய 13 கேள்விகள் கொண்ட கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். எத்தனை உடுப்பு இருக்கிறது, எத்தனை வேளைச் சாப்பாடு, எப்படிப்பட்ட வீடு என்று கேட்டார்கள். விடையைப் பொறுத்து அட்டை, அட்டையைப் பொறுத்து அரிசி என்று தெரிந்த பிறகு, அந்த விடை வெறும் தகவலாக இருக்க முடியுமா? அது ஒரு விண்ணப்பம் ஆகிவிடுகிறது. அளப்பதற்காகப் போட்ட கேள்வி, அளக்கப்படும் வாழ்க்கைக்குள் நுழைந்துவிடுகிறது.

மதிப்பீடுகளும் இங்கேதான் வெளிப்படையாக வருகின்றன. எந்தக் கோட்டிலும் இரண்டு வகைப் பிழை நேரும். ஏழையை வெளியே விடுவது ஒன்று, வசதியுள்ளவரை உள்ளே சேர்ப்பது மற்றொன்று. ஒன்றைக் குறைக்கப் போனால் பெரும்பாலும் மற்றது கூடும். எந்தப் பிழை பொறுக்க முடியாதது என்பதற்குப் புள்ளியியல் விடை தராது. 1997இல் மத்திய அரசு, ஏழை என்று கண்டறிந்தவர்களை இலக்கு வைத்த பொது விநியோக முறைக்கு மாறியபோது தமிழ்நாடு அனைவருக்குமான ரேஷனைத் தொடர்ந்தது. அதை ஒரு அறிவாய்வியல் முடிவாகவும் படிக்கலாம். யார் ஏழை என்று பிழையின்றி அறிய முடியாது என்னும்போது, அந்தப் பிழையின் சுமையை ஏழையின் தலையில் ஏற்றாமல் இருக்க ஒரு வழி அது.

வேபர் 1904இல் எழுதிய புறவயத்தன்மை பற்றிய கட்டுரையை இப்போது எடுங்கள். எதை ஆராய்வது என்பதை மதிப்பீடுகள் தீர்மானிக்கும், கண்டறிந்ததை மதிப்பீடுகள் வளைக்கக் கூடாது என்பது அவர் நிலை. கோட்டை எங்கே வரைவது என்ற கேள்விக்கு அது முழுமையாகப் பொருந்துகிறதா? எனக்கு ஐயம் இருக்கிறது. படித்துவிட்டு நீங்களே முடிவுக்கு வாருங்கள்.

படி 8: வாசிக்கும் ஒழுங்கு

முதலில் உங்கள் வாக்கியம் எந்த ஆய்விலிருந்து வந்ததோ அதன் கேள்வித்தாள். தேசிய மாதிரி ஆய்வின் கேள்வித்தாள்களும், களப்பணியாளர்களுக்கான கையேடுகளும் அரசின் புள்ளியியல் அமைச்சக இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. கையேட்டில் 'குடும்பம்' என்பதற்குத் தரப்பட்ட வரையறையை மட்டும் படித்தால் போதும், ஒரு வாரம் யோசிக்க விஷயம் இருக்கும். விடுதியில் தங்கும் மாணவர் எந்தக் குடும்பத்தில் சேர்வார், கூரையே இல்லாமல் தெருவில் படுப்பவர் எங்கே எண்ணப்படுவார் என்ற கேள்விகளை அங்கே நடைமுறைக்காகத் தீர்த்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, அதே தரவை வைத்துச் சண்டையிட்ட இரண்டு கட்டுரைகள். வறுமை விவாதத்தின் பெரும்பகுதி மும்பையிலிருந்து வரும் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் நடந்தது. ஒன்றை மட்டும் படிப்பதைவிட ஒன்றையும் படிக்காமல் இருப்பது மேல்.

மூன்றாவதாகத்தான் தத்துவ நூல்கள். டர்கைமின் 1895 நூலில் முதல் இரண்டு இயல்கள், வேபரின் 1904 கட்டுரை, பிறகு விஞ்ச், அதன் பின் ஹாக்கிங். பாஸ்கர் கடைசி. ஒவ்வொன்றையும் படிக்கும்போது உங்கள் ஒற்றை வாக்கியம் எழுதிய தாள் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு பக்கம் படித்ததும், இவர் இந்த வாக்கியத்தைப் பார்த்தால் எந்தச் சொல்லின் கீழ் கோடிடுவார் என்று கேட்டு, ஓரத்தில் அவர் பெயரை எழுதுங்கள். டர்கைம் 'விழுக்காட்டினர்' என்பதில் நிற்பார். வேபர் 'ஏழைகள்' என்பதில் நிற்பார். ஹார்டிங் 'இந்தியர்களில்' என்பதைச் சுற்றி வட்டமிடுவார். இரண்டு பேர் ஒரே சொல்லில் வந்து மோதும் இடம் தென்பட்டால், உங்கள் ஆய்வேட்டின் முறையியல் இயலை அந்த மோதலிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.